சிக்கல் பதிவேடு யாருக்காக?

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் துறைமுகமும் நினைவுக்கு வரும். பதிவேடு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆயினும் இந்தக் கடற்கரையில் இருவகைப் பதிவேடுகள் எழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், இன்று கணிப்பொறி நிறுவனங்களை ஆட்டிப் படைக்கும் மூன்றாவது பதிவேடு ஒன்றையும் நாம் சரியாக எடைபோட முடியும்.

முதலாவது, முத்துப் பார்களைச் சோதித்து எழுதிய குறிப்பு. கடலடியில் முத்துச் சிப்பிகள் பற்றி வாழும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். பெரிய அளவில் முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. குளிப்பை அறிவிப்பதற்கு முன் பார்களைச் சோதிப்பது வழக்கம். எந்தப் பாரில் சிப்பி உண்டு, எதில் வெறும் மணல், சிப்பியின் வயது என்ன என்றெல்லாம் குறிப்பார்கள். இளஞ்சிப்பியில் நல்ல முத்து தேறாது. மிகவும் முதிர விட்டாலோ சிப்பி மடிந்து முத்தும் கடலோடு போய்விடும். ஒரு முறை குவிந்து கிடந்த குஞ்சுச் சிப்பிகள் அடுத்த சோதனையில் அடியோடு மறைந்திருப்பதும் உண்டு. ஆகவே ‘சிப்பி இல்லை’ என்பதும் மதிப்புள்ள ஒரு செய்திதான். அதைச் சொல்வதால் குளியாளுக்கு இழுக்கு எதுவும் இல்லை.

இரண்டாவது, துறைமுகத்தில் ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் எழுதப்படும் நிகழ்வு அறிக்கை. கப்பல் வந்த நேரம், தளத்தில் கட்டிய நேரம், சரக்கு இறக்கத் தொடங்கிய நேரம், மழையால் நின்ற நேரம், பளுதூக்கி பழுதான நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தக் காலத்திற்கு மேல் கப்பல் நின்றால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் விழும். அரை மணி நேர மழையும் இங்கே காசு. ஆகவே ஒவ்வொரு தரப்பாரும் எச்சரிக்கையோடுதான் கையெழுத்திடுவார்கள். ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக் கையெழுத்திடும் கப்பல் தலைவர்களும் உண்டு.

முதற்குறிப்பு அறிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. இரண்டாவது கணக்குத் தீர்ப்பதற்காக எழுதப்படுவது. இரண்டுமே தேவையானவை. ஆனால் ஒரே ஏடு இரண்டு வேலையையும் செய்ய முற்பட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது பதிவேடு

மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் சிக்கல் பதிவேடு என்று ஒரு செய்நிரல் உண்டு. பிழையோ, புதிய தேவையோ, எதுவானாலும் அதற்கு ஒரு சீட்டு எழுதப்படும். அதை ‘டிக்கெட்’ என்கிறார்கள். சீட்டுக்கு ஓர் எண், கண்டவர் பெயர், செய்ய வேண்டியவர் பெயர், அவசரத்தின் அளவு, இப்போதைய நிலை ஆகியவை இருக்கும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சரக்குப் பெட்டகம் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் உண்டு. ஏழாவது இலக்கம் சோதனை இலக்கம். முந்திய பத்துக் குறிகளுக்கும் மதிப்புக் கொடுத்து, அவற்றை முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அது. மீதி 10 ஆக வந்தால் 0 என்று கொள்ள வேண்டும். வாயிலில் பெட்டக எண்ணைச் சரிபார்க்கும் செய்நிரலை எழுதியவர் இந்தக் கடைசி விதியை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான லாரிகள் தடையின்றிப் போகும். ஒரு சில மட்டும் காரணமின்றி நிறுத்தப்படும்.

‘சில சமயம் வேலை செய்யவில்லை’ என்று எழுதிய சீட்டால் பயன் இல்லை. ‘இந்த மூன்று பெட்டகங்கள் மறுக்கப்பட்டன, மூன்றும் 0 இல் முடிகின்றன’ என்று எழுதிய சீட்டோ பாதிப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு புதிதாகச் சேருபவரும் அதைப் படித்துக் கற்கலாம். பார் சோதனைக் குறிப்பின் சிறப்பு இங்கே அப்படியே இருக்கிறது.

நோக்கமும் நடைமுறையும்

1998 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ‘பக்ஜில்லா’ இத்தகைய பதிவேடுகளில் புகழ்பெற்றது. 2002 இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் ‘ஜிரா’வை வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் 2017 இல் ‘ஸ்பிரின்ட்ஸ்’ என்ற கருவியைத் தந்தது. இவை அனைத்தும் ‘அஜைல்’ என்னும் குழுப்பணி முறையோடு சேர்த்தே இன்று பேசப்படுகின்றன.

அந்த முறையின் அறிக்கையை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதினார்கள். சிறு சிறு பகுதிகளாக வேலையை முடித்துக் காட்டுவது, பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்டுத் திருத்துவது, மாற்றத்தை வரவேற்பது ஆகியவை அதன் சாரம். அவர்கள் முதலாவதாக வைத்த கொள்கை என்ன தெரியுமா? விதிமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுடைய உரையாடலுமே மேலானவை என்பதுதான். அந்தக் கொள்கையின் பெயரால் கருவியே ஆட்சி செய்வது வேடிக்கையான முரண்பாடு.

எங்கே கோணல் தொடங்குகிறது? எண்ணத் தொடங்கும் இடத்தில். யார் எத்தனை சீட்டை முடித்தார், எந்தக் குழு எத்தனை ‘புள்ளி’ ஈட்டியது என்று மேலாளருக்குப் படம் போட்டுக் காட்டக் கருவி தயாராக இருக்கிறது. ஊதிய உயர்வும் அதைப் பார்த்தே என்றால், அறிவதற்கான ஏடு கணக்குத் தீர்க்கும் ஏடாகிவிடுகிறது. பிறகு ஒரு வேலை ஐந்து சீட்டுகளாக உடைக்கப்படும். கடினமான பிழை ‘எங்களிடம் தென்படவில்லை’ என்று மூடப்படும். தன் பிழையைத் தானே கண்டவர் சீட்டு எழுதத் தயங்குவார். ஓர் அளவை இலக்காக மாற்றினால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுபோகும் என்ற கருத்து, 1975 இல் எழுதிய பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், வேலையைப் புள்ளிகளால் மதிப்பிடும் முறையைத் தாம் கண்டுபிடித்திருக்கக் கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார்.

எழுதியும் மறைத்தால்

இது அலுவலகச் சச்சரவு மட்டும்தானே என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணக்குச் செய்நிரலைக் கிளைகளில் புகுத்தியது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகத்தார் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் பலர் சாட்சியம் அளித்தனர்.

ஆனால் அதை உருவாக்கிய ஃபுஜிட்சு நிறுவனத்தின் உள் பதிவேட்டில் பிழைகள் சீட்டுச் சீட்டாக எழுதப்பட்டிருந்தன! வழக்கில் அந்தச் சீட்டுகள் ஆராயப்பட்டன. செய்நிரலில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கினார்கள். பதிவேடு இருந்தது, பிழையால் அடிபட்டவர்களுக்கு அதைப் படிக்க வழிதான் இல்லை.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 0 இல் முடியும் பெட்டகங்கள் நிற்பதை முதலில் காண்பவர் யார்? வாயிலில் நிற்கும் எழுத்தரும் லாரி ஓட்டுநரும்தான். அவர்களுக்குச் சீட்டு எழுத இடமில்லை என்றால், ஏட்டில் எத்தனை கட்டங்கள் இருந்தும் என்ன பயன்?

ஆகவே நம் மதிப்பீடு இது: சிக்கல் பதிவேடு நல்ல கருவி. அதை ஒழிக்கத் தேவையில்லை. ஆனால் அதைக் கொண்டு ஆளை அளக்கக் கூடாது. கட்டங்களையும் நிலைகளையும் வேலை செய்யும் குழுவே அமைத்துக்கொள்ள வேண்டும். சீட்டை மூடுபவர், அதை எழுதியவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு மூட வேண்டும். பயன்படுத்துவோர் தம் மொழியில் எழுதவும் படிக்கவும் அதில் வழி வேண்டும்.

2024 டிசம்பரில் தூத்துக்குடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை அங்கோ, அதுபோன்ற வேறிடத்திலோ பணியில் அமர்வீர்கள். முதல் வாரத்திலேயே உங்கள் பெயருக்கு ஒரு சீட்டு வரும். அதை விரைந்து மூடுவதற்கு முன், மறுபக்கத்தில் எந்த லாரி நிற்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் பிழையை நீங்களே கண்டால் உங்கள் கையாலேயே சீட்டு எழுதுங்கள். ‘சிப்பி இல்லை’ என்று உள்ளபடி சொன்ன குளியாளை நம்பித்தான் அடுத்த படகு எந்தப் பாருக்குப் போவது என்று முடிவு செய்தார்கள்.