வருகிறாராம்: ஒரு திருத்தத்தின் அரசியல்

1886இல் வெளிவந்த யூல், பர்னெல் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்றொரு பதிவு உண்டு. சென்னை மாகாணத்து வேலையாட்கள் பேசிய உடைந்த ஆங்கிலம் என்று விளக்கம் தருகிறது. 'டன் கம்' என்றால் 'வந்தே விட்டார்' என்று பொருளாம். நமக்கு இதில் விசித்திரம் ஏதுமில்லை. 'வந்தாச்சு' என்பதைத்தான் அந்த வேலையாள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அகராதி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: எஜமானர்களும் வேலையாட்களிடம் இதே ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். இரு தரப்பும் பேசிய மொழிக்கு ஒரு தரப்பின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1907இல் ஜி.சி. விட்வொர்த் இந்தியர்களின் ஆங்கில மரபுத்தொடர்ப் பிழைகளைத் தனி நூலாகவே தொகுத்தார். அந்தப் பட்டியல் மனோபாவம் இன்றும் நம்முடைய கைடு புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது.

அடையாறில் கல்லூரி மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். ஆகவே இந்தப் பிரச்சினையை வெறும் கோட்பாடாகப் பேசிவிட்டுப் போக எனக்கு வசதியில்லை. இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறார்கள். தமிழின் 'பற்றி' கூடவே வந்துவிட்டது. 'அபவுட்'டை அடித்துவிடலாம், பொருளில் ஒன்றும் குறையாது. இன்னொன்று: 'ஃபாதர் இஸ் கமிங் டுமாரோ, இட் சீம்ஸ்.' இந்த 'இட் சீம்ஸ்'ஸையும் அதே கையோடு அடித்தால் 'வருகிறாராம்' என்பது 'வருகிறார்' ஆகிவிடுகிறது. கேள்விப்பட்டதைச் சொன்னவர், தானே உத்தரவாதம் தருபவராக மாற்றப்படுகிறார். அடிக்காமல் விட்டாலோ, ஆங்கில வாசகர் அதைச் சந்தேகமாகப் படிப்பார். 'ஆம்' என்று முடிக்கும்போது, 'இது பிறர் சொன்னது, என் சாட்சியத்தை இதில் சேர்க்காதீர்கள்' என்கிறோம். ஆங்கில வினைக்கு அப்படியொரு விகுதி கிடையாது. எனவே எழுதியவரிடம் 'யாரு சொன்னாங்க?' என்று கேட்காமல் இந்த வாக்கியத்தைத் திருத்தவே முடியாது. 'அம்மாதான்' என்று பதில் வந்தால், அம்மாவை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

1990இல் 'இங்கிலீஷ் டுடே' இதழில் ராண்டால்ஃப் குவர்க், கற்பவர்களுக்குத் தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தையே கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். மறு ஆண்டு அதே இதழில் பிரஜ் கச்ரு மறுத்தார்: இந்தியா போன்ற நாடுகளில் ஆங்கிலம் தனக்கான விதிமுறைகளை உருவாக்கிக்கொண்டுவிட்டது. என் சாய்வு கச்ரு பக்கம்தான். ஆனால் விண்ணப்பத்தை வடிகட்டும் அதிகாரி கச்ருவைப் படித்திருக்கப் போவதில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணிடம் 'உன் பிழைதான் உன் கலகம்' என்று சொல்லி அனுப்பிவைப்பது, ஏற்கெனவே நல்ல வேலையில் அமர்ந்துவிட்டவர்களின் ஆடம்பரம்.

நம் பத்திரிகைத் தமிழில் 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று எழுதினால் யாரும் சிவப்பு மையைத் தேடுவதில்லை. ஆங்கிலம் தமிழுக்குள் நுழைந்தால் நடை, தமிழ் ஆங்கிலத்துக்குள் நுழைந்தால் பிழை. இந்தச் சமனின்மையைத் திருத்துபவரால் ஒழித்துவிட முடியாது. ஆனால் 'அபவுட்'டுக்கும் 'இட் சீம்ஸ்'ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அறிந்திருக்கலாம். அதற்கு அவருக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதாது, எழுதியவரின் தமிழும் காதில் விழ வேண்டும்.