பிரமராயர் பட்டமும் பொன்னியின் செல்வனும்
பிரமராயர் அல்லது பிரமாதிராஜர் என்பது சோழர் ஆட்சியில் உயர் பதவி வகித்த பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பட்டம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) அதை ஏறக்குறைய ஒருவரின் பெயராகவே ஆக்கிவிட்டது. வாசகருக்குப் பிரமராயர் என்றால் முதன்மந்திரி அநிருத்தர்தான்.

அநிருத்தர் கற்பனையல்ல. பூதலூருக்கு வடமேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள அன்பில் அவரது ஊர். சுந்தர சோழர் அவருக்கு நிலம் அளித்ததை அன்பில் செப்பேடு பதிவுசெய்கிறது. ஆனால் பட்டம் அவருக்கு மட்டும் உரியதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் இராமன், மும்முடிச் சோழப் பிரமராயன். (வேளாளர் அதிகாரிகள் மூவேந்தவேளான் எனப்பட்டனர்.)

நாவலின் சிக்கல் எதிர்த்தரப்பில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடும் சகோதரர்களில் ரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராஜன். பரமேசுவரன் இருமுடிச் சோழப் பிரமாதிராஜன். அமைச்சருக்கும் கொலையாளிகளுக்கும் ஒரே பட்டம்! நாவலின் ரவிதாசனோ வாசகர் நினைவில் மந்திரவாதியாக, பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் கூடும் பாண்டிய ஆபத்துதவியாகவே நிற்கிறான். மர்மக்கதைக்கு இது பொருத்தம்தான். அரசு அதிகாரிகளே இளவரசனைக் கொன்றார்கள் என்னும் கொடிய கதை இதனால் கைநழுவிப் போகிறது. 'பஞ்சவன்' பாண்டியனைச் சுட்டும் சொல் என்பதால் கல்கியின் ஊகத்துக்கு ஓரளவு இடமுண்டு. பரமேசுவரனின் பட்டத்திலோ இருப்பது சோழன் பெயர்.