கட்டில் யார் கையில்?

வடசென்னையின் கொடுங்கையூரில் தங்கி மணலிக்கோ எண்ணூருக்கோ காண்ட்ராக்ட் வேலைக்குப் போக வருகிற வெளியூர்ப் பையனுக்கு வாடகையைவிடப் பெரிய தடை அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் சரி என்று கூடவே ஓர் ஓட்டையையும் திறந்துவைத்திருக்கிறது. கையில் பணம் இருந்தாலும் 'பேச்சிலருக்கு வீடு இல்லை' என்ற பலகை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஊர் எது, கறி சமைப்பீர்களா என்ற விசாரணை. ஆண்கள் விடுதியில் ஒரு பெட் எடுப்பவனுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காலையில் பையை வைத்துவிட்டு இரவு ஷிப்டுக்குப் போய்விடலாம். ஒத்துவராவிட்டால் மாதக் கடைசியில் கிளம்பிவிடலாம். மலிவு என்பதற்காக மட்டும் விடுதியைப் பாராட்டுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த வந்துபோகும் சுதந்திரத்தைத்தான்.

குறைகள் ஒளிவுமறைவானவை அல்ல. அடுக்குக் கட்டில்; மேல் தட்டில் படுப்பவருக்கு எழுந்து உட்காரத் தலை இடிக்கும். இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கப்போகும் நேரத்தில் பகல் ஷிப்ட்காரர் விளக்கைப் போட்டு டிபன் பாக்ஸைத் தேடுவார். போன் சார்ஜுக்கு ஒரே பிளக், குளியலறைக்கு வரிசை. கொடுங்கையூருக்கென்று கூடுதலாக ஒன்று: முந்நூறு ஏக்கரைத் தாண்டிய குப்பைமேடு. அது புகையும் நாளில் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே காற்றைத்தான் மாறிமாறிச் சுவாசிக்க வேண்டும். இது வெறும் அசௌகரியம் அல்ல என்பதைச் சிங்கப்பூர் 2020இல் காட்டியது. தமிழர் பலரும் தங்கும் அங்குள்ள தொழிலாளர் விடுதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொரோனா தொற்றியிருந்ததாக அந்த அரசே அறிவித்தது. அதன்பின் கட்டும் புது விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதி வந்தது.

கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. மெத்தையின் கனத்துக்கு அது பொருந்தும். குடிதண்ணீருக்கும் தீ விபத்தில் தப்பும் வழிக்கும் பொருந்தாது. அதைவிட, காசு குறைவதால்தான் விடுதி கெடுகிறது என்பதே பாதி உண்மை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையோ உலகின் பெரும் பணக்கார நிறுவனமான ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டித் தரும் ஆலை. அங்கே பணத்துக்கா பஞ்சம்? சிக்கல் வேறு: வேலையும் கட்டிலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. சாம்பாரில் புழு என்று சொன்னால் வேலைக்கும் ஆபத்து வருமோ என்று யோசிக்க வைப்பது அந்தக் கயிறுதான். அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்கார்ந்த பிறகே ஊர் திரும்பிப் பார்த்தது. அப்படிச் சேர்ந்து உட்கார முடிந்ததற்கும் அவர்கள் சேர்ந்து தங்கியிருந்தது ஒரு காரணம் என்பதையும் விடுதியின் வரவுப் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 ஆலைத் தொழிலாளர்களுக்காக மாநில அரசின் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. கட்டடம் என்ற அளவில் கொடுங்கையூர் விடுதி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் அங்கே வேலையை விட்டால் கட்டிலையும் விட வேண்டும். இங்கே மணலி காண்ட்ராக்டரோடு சண்டை போட்டவனும் அன்றிரவு தன் கட்டிலில்தான் படுப்பான். என் கணக்கில் அழுக்கான இரண்டாவதே மேல், அதைச் சோதித்துப் பார்க்க யாராவது வந்தால். அங்கேதான் இடிக்கிறது. விடுதிகளுக்கு உரிமம் கேட்கும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் மகளிருக்கும் சிறாருக்கும் உரியது. ஆண்கள் அதில் இல்லை. கெடுபிடி செய்தால் விடுதிகளை மூடிவிடுவார்கள், பெட் விலை ஏறும் என்று உரிமையாளர்கள் சொல்லலாம். சிங்கப்பூர் அளவுகோலை அப்படியே இறக்கினால் அது நடக்கும்தான். தலைக்கு எத்தனை சதுர அடி என்பதில் விட்டுக்கொடுத்து, கழிப்பறைக் கணக்கிலும் தீயில் தப்ப இரண்டாவது படிக்கட்டிலும் மட்டும் பிடிவாதமாக நின்றால், ஏறும் விலை வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸின் பக்கத்தில்கூட வராது.