கம்பனி அறிக்கைகளும் புறத்தார் வாசிப்பும்

தன் நூலைத் தானே புகழ்தல் தகாது என்பது தமிழ் இலக்கண நூலார் கொள்கை. அதனாலேயே சிறப்புப்பாயிரம் என்பதொன்று எழுந்தது. நூலாசிரியனுக்குக் கற்பித்தவன், அவனோடு கற்றோன், அவன் மாணாக்கன், அவன் நூலுக்கு உரை கண்டவன் ஆகிய நால்வருள் ஒருவரே அதனைச் செய்தற்கு உரியர் என நன்னூலார் வகுத்தனர். நால்வரும் நூலாசிரியனுக்கு வேண்டியவரே என்பது நோக்கத்தக்கது. ஆயினும் பாயிரம் ஒன்றினாலேயே நூல் தகுதி பெற்றுவிடவில்லை; அஃது அவையேறவும் வேண்டியிருந்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரஞ் செய்தவர் பனம்பாரனார். அதனைக் குற்றமறக் கேட்டவரோ அதங்கோட்டாசான். பாயிரஞ் செய்தல் வேறு, தடை எழுப்பிக் கேட்டல் வேறு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

இவ்வேறுபாடு, இக்காலத்துப் பெருங்கம்பனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் நிலைபேற்று அறிக்கைகளை மதிப்பிடுதற்கும் பெரிதும் பயன்படும். ஒரு கம்பனி தன் தொழிலினால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும், தொழிலாளருக்கும் அயலாருக்கும் விளையும் நன்மை தீமைகளைத் தானே கணக்கிட்டுத் தானே உரைப்பது நிலைபேற்று அறிக்கை எனப்படும். பணக்கணக்குக்குப் பலகாலமாகவே கணக்காய்வாளர் உளர். பழுதான ஆற்றுக்கு அத்தகைய கணக்கு முறை அண்மைக்காலம் வரை இருந்ததில்லை. 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே தோன்றிய உலக அறிக்கையிடல் முனைவு, 2000 ஆம் ஆண்டிலேதான் தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது.

இத்துறையில் முன்னோடியெனத் தக்க நூல்களுள் ஒன்று, றோயல் டச்சு ஷெல் கம்பனி 1998 இல் வெளியிட்ட அறிக்கையாகும். ஈழத்தார்க்கு இப்பெயர் புதிதன்று. 1960களின் முற்பகுதியில் எண்ணெய் வணிகம் அரசின் கைக்கு வரும்வரை மண்ணெண்ணெயோடு சேர்த்து வழங்கிய பெயர்களுள் அதுவும் ஒன்று. ‘இலாபமும் நெறியும்: ஒன்றைத்தான் தெரிந்தாக வேண்டுமா?’ என்னும் பொருள்பட அவ்வறிக்கைக்குத் தலைப்பிட்டிருந்தனர். வினாவாக அமைந்த அத்தலைப்பிலே ஒரு மனக்கலக்கம் தெரிகிறது. அதற்குக் காரணமும் இருந்தது. 1995 ஆம் ஆண்டிலே, வடகடலில் நின்ற பிரென்ற் ஸ்பார் என்னும் பழைய எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை ஆழ்கடலில் அமிழ்த்தக் கம்பனி முற்பட்டபோது, ஐரோப்பா எங்கணும் எதிர்ப்பு மூண்டது. யூன் மாதத்தில் அத்திட்டங் கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 10 ஆந் தேதி, நைசர்க் கழிமுகத்து ஒகோனி மக்களின் நிலம் எண்ணெயாற் கெடுவதை எதிர்த்த எழுத்தாளர் கென் சரோ-விவாவும் அவரோடு எண்மரும் நைசீரிய இராணுவ ஆட்சியினரால் தூக்கிலிடப்பட்டனர். ஷெல் பற்றி உலகம் கேட்ட வினாக்களுக்கு விடையாகவே 1998 ஆம் ஆண்டு நூல் எழுந்தது. அதனோடு, ‘ஷெல்லுக்குச் சொல்லுங்கள்’ என்னும் மறுமொழி அட்டைகளும் இணைக்கப்பட்டிருந்தன. வாசகனை வாய்திறக்கும்படி அழைத்த கம்பனி நூல்கள் அந்நாளில் அரிது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

2005 ஆம் ஆண்டு அறிக்கை முதலாகக் கம்பனி இன்னுமோர் அடி முன்வைத்தது. புறத்தே உள்ள அறிஞரையும் தொண்டு நிறுவனத்தாரையும் கொண்ட மீளாய்வுக் குழு ஒன்று, அறிக்கையின் வரைவைப் படித்து, எடுத்த பொருள் முழுமையாக உளதா, நடுநிலை பேணப்பட்டுளதா என ஆராய்ந்து கருத்துரைத்து வந்தது. அக்கருத்து மடலாக அதே நூலில் அச்சிடப்பட்டு வந்தது. அம்மடல்கள் வெறும் புகழ்மாலைகள் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. குறைகளைச் சுட்டிய இடங்களும் அவற்றில் உண்டு. ஆனால் மடலோடு ஒரு குறிப்பும் இருந்தது. அறிக்கையின் அடிப்படையான எண்களின் சரிநுட்பத்தைக் குழு சோதிக்கவில்லை என்பதே அக்குறிப்பின் கருத்து. மறைக்காமல் அதனைக் கூறியது நன்று. எனினும், மடல் முழுவதையும் அச்சிறு குறிப்பின் ஒளியிலேயே படித்தல் வேண்டும். நூல் சொல்வது ஒழுங்காகச் சொல்லப்பட்டுளதா என்பதே குழுவின் ஆராய்ச்சி. சொல்லப்பட்டது உண்மையா என்பது அதன் எல்லைக்குப் புறத்தது. எவ்வளவு கண்டிப்பாக எழுதினும், அத்தகைய மடல் சிறப்புப்பாயிர வகையினதே.

எண்களைச் சோதியாமையால் வரும் கேடு எத்தகையது என்பதற்குப் பொடோ என்னும் ஒகோனி ஊர் சான்று. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வூரருகே ஓடிய ஷெல் கிளைக்கம்பனியின் குழாயில் வெடிப்புண்டாகி, வாரக்கணக்காக எண்ணெய் கசிந்து கழியை மூடியது. அவ்வாண்டு இறுதியில் இரண்டாங் கசிவும் நேர்ந்தது. முதற் கசிவில் வெளியேறியது 1,640 பீப்பா என்பது விசாரணைத் தாளிற் கண்ட கணக்கு. கசிவின்போது எடுக்கப்பட்ட ஒளிப்படச் சுருளை ஆராய்ந்த அமெரிக்கக் குழாய்த்துறை வல்லுநர், நாளொன்றுக்கே 1,440 முதல் 4,320 பீப்பா வரை வெளியேறியிருக்கும் என மதிப்பிட்டனர். அஃதாவது, ஒரு நாட்கணக்கு முழுக்கசிவின் கணக்காக எழுதப்பட்டிருந்தது என்ற ஐயம் எழுந்தது. இந்த மதிப்பீட்டை 2012 இல் வெளியிட்டவர்கள் கம்பனி அழைத்த வாசகர் அல்லர். சர்வதேச மன்னிப்புச் சபையும் நைசீரியத் தொண்டு நிறுவனம் ஒன்றும் அதனை வெளியிட்டன. ஊரார் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடினர். அவ்வழக்கின் போக்கில், தான் முன்னர்க் கூறிய தொகை குறைவானதே என்று கம்பனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2015 சனவரியில் 55 மில்லியன் பவுண் கொடுத்து வழக்கு இணக்கமாயிற்று. மீனும் சிப்பியும் பொறுக்கி வாழ்ந்த ஏறத்தாழ 15,600 பேர் அதில் வழக்காளிகள். அறிக்கை நூல்களின் வண்ணப்படங்களிடையே ஒரு சிற்றெண்ணாக அடங்கிப்போவது இத்துணைப் பேரின் பிழைப்பு.

கம்பனியின் பணம் பெற்றவர் உண்மை கூறார் என்று இதனாற் சிலர் முடிவு கட்டுவர். அம்முடிவு அவசரமானது. நைசீரிய அரசின் வேண்டுகோளின்படி ஒகோனிநிலத்தை ஆராய்ந்து 2011 ஆகத்தில் அறிக்கை தந்த ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் செலவைக் கொடுத்தது ஷெல்லின் கூட்டுத்தாபனமே. ஆயினும் அவ்வாய்வாளர் 200 இற்கு மேற்பட்ட இடங்களுக்கு நேரே சென்றனர். மண்ணையும் நீரையும் அள்ளிச் சோதித்தனர். துப்புரவு முடிந்தது என்று கம்பனிப் பதிவேட்டிற் குறிக்கப்பட்ட 15 இடங்களைத் தோண்டிப் பார்த்தபோது, 10 இடங்களில் கம்பனி தானே வகுத்த அளவையும் மீறி மாசு இருந்தது. ஒகாலே என்னும் இடத்தில் மக்கள் குடித்த கிணற்றுநீரில், உலக சுகாதார நிறுவனம் விதித்த அளவினும் 900 மடங்குக்கு மேலாகப் பென்சீன் கலந்திருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதிலும், வாசகன் எதைத் தொட்டுப் பார்க்க விடப்பட்டான் என்பதே பெரிது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டியதில்லை.

புறத்து வாசகரும் பிழைபடுவர். பிரென்ற் ஸ்பார் மிதவையில் 5,500 தொன் எண்ணெய் எஞ்சியிருக்கலாம் என்று முழங்கிய கிறீன்பீஸ் இயக்கம், அவ்வளவீடு தவறு என்று 1995 செப்ரெம்பரில் மன்னிப்புக் கேட்டது. பின்னர் நோர்வே நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று மிதவையை நேரே அளந்தபோது, கம்பனியின் கணக்கே உண்மைக்கு அணித்தாக இருந்தது. அளந்து பார்த்ததனால் அங்கே கம்பனி காக்கப்பட்டது. பொடோவில் ஊரார் காக்கப்பட்டனர். எழுத்துநடை நன்றா தீதா என்னும் ஆராய்ச்சி இரண்டிடத்தும் எவரையும் காத்திராது.

ஷெல் 2011 முதல் ஒவ்வொரு கசிவின் விசாரணைத் தாளையும் படத்தையும் பொதுமக்கள் காணும்படி வெளியிடலாயிற்று. வெளிப்படைத்தன்மை என்னும் சொல்லுக்குரிய செயல் இதுவே என்க. பளபளப்பான முன்னுரைகள் பத்தினும் இத்தாள்கள் மேலானவை. அவற்றாற் கம்பனிக்கு நேர்ந்த இடர் வேறு. 142 நாடுகளைச் சேர்ந்த 3,545 பேர், தனியே எச்சிறப்புத் தகுதியும் இல்லாத பொதுவாசகர், மன்னிப்புச் சபையின் அழைப்பினால் அத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்து, படங்களோடு ஒப்பிட்டு, குறித்து வைத்தனர். அவர்கள் சேர்த்ததைக் கொண்டு, திருட்டினாலும் நாசவேலையினாலும் விளைந்தவை எனப் பதியப்பட்டவற்றுள் 89 கசிவுகளின் காரணம் ஐயத்துக்குரியது என 2018 இல் அச்சபை அறிவித்தது. அவற்றுள் 46 ஷெல்லினுடையன, 43 இத்தாலிய எனி கம்பனியினுடையன. இரு கம்பனிகளும் மறுத்தன. மறுப்பும் தடையும் ஒரே தாளைச் சுட்டி நிகழ்ந்தன என்பதே இங்குப் பயன். இதுவன்றோ அரங்கேற்றம்!

2025 மார்ச்சில் ஷெல் தன் நைசீரியத் தரைப்பகுதிக் கிளைக்கம்பனியை றினெய்சன்ஸ் என்னும் கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. இத்தகைய அறிக்கைகள் கம்பனி தன் பொறுப்பில் நடத்தும் தொழில்களின் எல்லையை ஒட்டி எழுதப்படுவன. விற்ற குழாயிற் கசியும் எண்ணெய்க்கு விற்றவனின் பட்டியலில் இடமில்லை. ஆகவே, இனிவரும் நூல்களில் கசிவுக் கணக்கு இறங்கக் காணும் வாசகன், குழாய் திருந்தியதா கைமாறியதா என்பதைத் தெளிய, அப்பட்டியலோடு விற்பனைப் பட்டியலையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியவனாவான்.