வாயிலில் ஒரு கதிரவன்

நூலகம் ஒன்றை மதிப்பிடுங்கால் அதன் கல்லையும் கலையையும் மட்டும் நோக்குதல் போதாது. அதனை எழுப்பிய செல்வம் எவ்வழி வந்தது, அதன் வாயில் யாருக்காகத் திறந்தது என்பனவும் நம் நோக்கில் அடங்குதல் வேண்டும். ஸ்காட்லாந்தின் டன்பெர்ம்லின் நூலகத்தை இவ்வளவுகோல் கொண்டே ஈண்டு நாம் ஆராய்கின்றோம்.

நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1835இல் கைத்தறியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஆண்ட்ரூ கார்னெகி. அவருடைய தந்தையும் உடன் தொழில் செய்தோரும் தத்தம் நூல்களை ஒன்றுசேர்த்து ஒரு நூலகம் நடத்தி வந்தனர். விசைத்தறி வந்து கைத்தறி நலிந்தது. 1848இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. அங்கே எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான மகன் பிறந்த ஊரை மறந்தாரில்லை. 1881இல் தாயார் அடிக்கல் நாட்ட, 1883இல் நூலகம் திறக்கப்பெற்றது. உலகெங்கும் அவர் பொருளுதவியால் எழுந்த 2,509 நூலகங்களுள் இதுவே முதலாவது.

வாயிலின்மேல் பொறிக்கக் குலச்சின்னம் எதுவென்று கேட்டபோது, தமக்கு அப்படியொன்று இல்லையென்றார் கார்னெகி; எழுகதிர் ஒன்றைச் செதுக்குமாறு வேண்டினார். கட்டடத்தின் அழகனைத்தையும் விஞ்சுவது இவ்வெளிமையே என்பது நம் கருத்து.

ஆயின் அக்கதிருக்கும் ஒரு நிழலுண்டு. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். இருதரப்பிலும் உயிர்கள் மாண்டன, சங்கமும் முறிந்தது. 1898இல் அவ்வூருக்கும் அவர் ஒரு நூலகம் அளித்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்றவன் எப்போது நூலைத் தொடுவது? படிக்கும் ஓய்வைப் பறித்துக்கொண்டு படிப்பகம் தருவது நிறைவான கொடையாகாது.

அவர் கொடைமுறையில் போற்றத்தக்கதும் உண்டு. வக்பு செய்வோர் பராமரிப்புக்கும் வருவாய் எழுதிவைத்தல் நாமறிந்த வழக்கு. கார்னெகியோ பிற்காலக் கொடைகளில், நிலம் தரவும், கொடைத்தொகையில் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்திற்குச் செலவிடவும் ஊரார் உடன்பட வேண்டுமென்றார். கொடை பெற்ற ஊரே உரிமையும் பொறுப்பும் ஏற்றது.

2017இல் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இணைக்கப்பெற்று டன்பெர்ம்லின் நூலகம் விரிவடைந்தது. எனினும் அதன் மெய்யான அடிக்கல், நெசவாளர் தம் சிறு வருவாயினின்றும் வாங்கி ஒன்றுசேர்த்த அந்நூல்களே. நம் ஊர்களில் நூலகம் காண விழைவோர் செல்வர் வரவுக்குக் காத்திராது, அந்நெசவாளர் தொடங்கிய இடத்திலேயே தொடங்கலாமன்றோ?