சுபம் என்னும் கடன்

காதல் படமென்றால் கடைசியில் காதலர்களைச் சேர்த்து வைத்துவிட வேண்டும். காசு கொடுத்து வந்தவனை அழவைத்து அனுப்பலாகாது என்று வாதிக்கிற ரசிகர்கள் உண்டு. தொடர்கதை எழுதுகிற எனக்கும் இந்த உத்தரவு கடிதமாக வருவதுண்டு. அவர்களை நான் இளப்பமாக நினைப்பதில்லை. இரண்டரை மணி நேரம் இருவரோடு வாழ்ந்துவிட்டவன், அவர்கள் நன்றாயிருக்க வேண்டுமென்று விரும்புவது மனித சுபாவம். ஆனால் விருப்பம் வேறு, கடன் வேறு.

கோவலன் கொலையுண்ட கதையைக் காப்பியமென்று கொண்டாடுகிறவர்கள் நாம். சோகம் நமக்குப் புதிதல்ல. நமக்குக் கோபமூட்டுவது சோகமன்று, ஏமாற்று.

ஸ்ரீதரின் இரண்டு படங்களைப் பார்ப்போம். 1959-இல் வந்த ‘கல்யாணப் பரிசு’ படத்தில் தங்கை, அக்காளுக்காகத் தன் காதலனை விட்டுக்கொடுக்கிறாள். அக்காள் இறந்த பிறகும் காதலர்கள் சேரவில்லை. வேறொருவனை மணந்த அவளிடம் தன் குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு அவன் போகிறான். நெஞ்சு கனக்கிறது; ஆயினும் குறை சொல்ல முடியவில்லை. விட்டுக்கொடுத்தவள் அவளே. அதன் விலையைத்தான் பிறகு எல்லோரும் கொடுக்கிறார்கள்.

1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கட்டுக்கோப்பில் இதைவிடத் தேர்ந்த படம். முன்னாள் காதலியின் கணவனுக்கே சிகிச்சை செய்ய நேர்ந்த டாக்டர், அவனைப் பிழைக்க வைத்துவிட்டுத் தாம் இறந்துபோகிறார். கொட்டகையில் நானும் கண் கலங்கினேன். ஆனால் அவர் ஏன் சாக வேண்டும்? மூவரும் உயிரோடிருந்தால் மறுநாள் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? அந்தச் சங்கடமான கேள்வியிலிருந்து கதையை மரணம் தப்புவித்துவிட்டது. ரசிகனுக்குக் கொடுக்கிற லஞ்சம் ‘சுபம்’ மட்டுமல்ல, கண்ணீரும் லஞ்சமாகலாம்.

இந்த வழக்குக்கு நேரான சோதனை ஒன்று 2010-இல் நடந்தது. கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ என்று எடுத்துக் காதலர்களைப் பிரித்தார்; தெலுங்கில் ‘ஏ மாய சேசாவே’ என்று எடுத்துச் சேர்த்து வைத்தார். இரண்டையும் ஜனங்கள் ரசித்தார்கள். ஆனால் கதாநாயகி ஜெஸ்ஸி ஆரம்பத்திலிருந்தே தகப்பனாருக்கும் காதலுக்கும் நடுவே ஊசலாடுகிறவள். அவள் சுபாவத்துக்குப் பிரிவே பொருந்துகிறது. சேர்க்கை, படம் எடுத்தவர் பார்த்துக் கொடுத்த சலுகை.

ரசிகனுக்குப் படம் பட்டிருக்கிற கடன் ஒன்றே: முடிவைப் பாத்திரங்களே தேடிக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்தால் வாழ்த்துவோம்; பிரிந்தால் அழுவோம். நடுவில் புகுந்து தாலியையோ எமனையோ கொண்டுவந்து நிறுத்துகிற கை மட்டும் நம் கண்ணில் படக்கூடாது.