கேட்கத் தெரிந்தவர் யார்?

பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைத்தாள். உடைத்துக் காட்டச் சிலம்பு இருந்தது. உரத்து முழங்கக் குரல் இருந்தது. கையிலே சிலம்பும் இன்றி, குரலும் எழும்பாமல், தன் சொல்லையே சான்றாகக் கொண்டு வந்து நிற்கும் ஏழு வயதுச் சிறுமிக்கு எந்த அவையிலே நீதி? இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். போக்சோ என்று நாடு அதனை அழைக்கிறது.

குறை கூறுமுன் நிறை கூறுவது முறை. காவல் உடையில் சென்று கேளாதே என்கிறது அந்தச் சட்டம். இரவிலே நிலையத்தில் வைத்திராதே என்கிறது. மன்றத்திலே வழக்கறிஞர் குழந்தையை நேரே வினவலாகாது. வினாவை நீதிபதியிடம் தரவேண்டும், அவரே கேட்கவேண்டும் என்கிறது. அனைத்துக்கும் மேலாக, குழந்தை பேசியவாறே பதிவு செய்க என்கிறது 26ஆம் பிரிவு. அருமையான கட்டளை!

ஆனால், மணமேல்குடிக் கரையிலே மீனவர் வீட்டுக் குழந்தை பேசுவது கடலோரத் தமிழ். ஏட்டில் ஏறுவது நிலையத் தமிழாக இருந்துவிட்டால்? குழந்தை சொன்னதெல்லாம் மறைந்து, "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்ற ஒற்றை வரியாகிவிட்டால்? புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றத்திலே, "தகாத முறை என்றால் என்ன?" என்ற கேள்வி எழும். குழந்தை திகைக்கும். அந்தத் திகைப்பே பொய்க்கு அடையாளமாகக் காட்டப்படும்.

இந்தச் சட்டத்தின் கீழ் அரசுத் தரப்பில் வாதாடும் சிறப்பு வழக்கறிஞருக்கு 7 ஆண்டுத் தொழிலனுபவம் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் தகுதி வேண்டும். முதன்முதலில் குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவல் அலுவலருக்கோ? 'இயன்றவரை' பெண்ணாகவும், உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவராகவும் இருந்தால் போதும்! பதவியைக் கேட்ட சட்டம் பயிற்சியைக் கேட்க மறந்ததேன்? அலுவலர்க்கு அவ்வப்போது பயிற்சி தருக என்று 43ஆம் பிரிவு அரசுக்குப் பொதுவாகச் சொல்வது உண்மை. பயிலாதவர் கேட்கலாமா என்பதற்கோ அதில் விடையில்லை. பெண் என்பதாலேயே கேட்கத் தெரிந்துவிடுமா? பரிவு வேறு, வினவும் கலை வேறு.

அமெரிக்காவிலே, கலிபோர்னியாவில், மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் எழுந்தது. கேட்டவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஆயினும் விடையை வினாவுக்குள்ளேயே வைத்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கேட்டனர். 1990இல் ஒருவர்மீதும் குற்றம் நிலைநாட்டப்படாமல் வழக்கு முடிந்தது. இத்தகைய வழக்குகளிலிருந்து அறிஞர்கள் கற்ற பாடம் இது: "அவன் தொட்டானா?" என்று கேளாதே, "நடந்ததைச் சொல்" என்று கேள். இடைமறிக்காதே. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளாதே. முன்சொன்னது தவறு போலும் என்று எண்ணிக் குழந்தை விடையை மாற்றிவிடும். "தெரியாது" என்பதும் விடையே என்று முன்னரே சொல்லிவை.

நம் வீடுகளிலோ, "சாமி கண்ணைக் குத்தும், உண்மையைச் சொல்" என்கிறோம்! அச்சத்தில் விளைவது உண்மையன்று. கேட்பவர் விரும்பும் விடை. அடுத்து, "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்கிறோம். யாருடைய மானம்? குற்றம் செய்தவனுடைய மானமன்றோ போகவேண்டும்!

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. குற்றத்தை அறிந்தும் தெரிவியாதிருப்பது தண்டனைக்குரியது. ஆனால் எத்தனை கேள்வியோடு நிறுத்துவது, எப்போது உரியவரிடம் ஒப்படைப்பது என்பது ஆசிரியப் பயிற்சியின் கட்டாயப் பாடமாக வேண்டாமா?

வழி தெரியாத நாடன்று இது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் 'சம்வாத்' அமைப்பு இத்தகைய பயிற்சிகளை நடத்திவருகிறது. விருப்பமுள்ளோர் கற்பது என்னும் நிலை மாறவேண்டும். பயின்று தேறியவரன்றிப் பிறர் குழந்தையிடம் வாக்குமூலம் பெறலாகாது என்று விதி செய்க! 'இயன்றவரை' என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து நீக்குக! குழந்தைக்குப் பேசத் தெரியும். கேட்கக் கற்கவேண்டியவர் நாம்.